நாலு தண்ணி எழுத்து

இல்ல தம்பி, தப்பா எழுதல, சரியாப் பாரு. நம்ம சீன எழுத்துல தண்ணிங்கிற எழுத்தே நாலு தடவ. மேல ரெண்டு, கீழ ரெண்டு. மொத்தமும் ஒரே எழுத்துதான். உன் கம்ப்யூட்டர்ல இருக்காது, கல்லுல கையாலதான் செதுக்கணும்.

எப்படிப் படிக்கிறதா? மன். குரலை மேலேர்ந்து சட்டுனு கீழ போடு. ஆங், அதேதான். கரை தெரியாத வெள்ளம்னு அர்த்தம். ஜாதகத்துல தண்ணியே இல்லன்னு ஜோசியக்காரன் சொன்னானாம், அப்பங்காரன் நாலா வச்சுட்டான். லுவோ மன், அதான் முழுப் பேரு.

சொந்தமா? சேச்சே. சுரங்கத்துல கரி வெட்டுனவன். நான் அங்க பேரு கூப்பிடுற குமாஸ்தா. அவன் சேர்ந்த அன்னிக்கு இந்த எழுத்தப் பார்த்து முழிச்சேன். படிக்கத் தெரியலன்னு சொன்னா மானம் போகுமே! அதைத் தாண்டிட்டு, கடைசில, யாரு பேரு விட்டுப்போச்சுன்னு கேட்டேன். கை தூக்கினான். ஐயா, அது மன்னுங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிக் குடுத்தான். மத்த நாப்பது பேரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. குமாஸ்தாவுக்கே வாத்தியாருடான்னு ஒருத்தன் கத்துனான். அதோட ரோஷம். மூணு வருஷம் அந்தப் பேரை நான் வாயால சொல்லல. தினமும் கடைசில அவனே கை தூக்கணும்.

அப்புறம் ஒருநா காலைல உள்ள தண்ணி உடைச்சுக்கிச்சு. எல்லாரும் ஓடியாந்தானுங்க. வெள்ளத்தைத் தடுக்குற இரும்புக் கதவாண்ட நின்னு பேரு கூப்பிட்டேன். மத்த நாப்பது பேரும் குரல் குடுத்தானுங்க. யாரு பேரு விட்டுப்போச்சு? கேட்டேன் தம்பி, சத்தியமா கேட்டேன். ஒரு கையும் எழும்பல. எல்லாரும் வந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டு, அவனுங்கள மேல அனுப்பிட்டு, கதவை நானே இறக்குனேன்.

ஏன் உளிய வச்சுட்ட? எடு, எடு. அவன் சம்சாரம் வந்து கேட்டப்போ முதலாளி என் லிஸ்ட்டைத்தான் காட்டினாரு. வெளிய வந்தவன் எங்கயோ ஓடிட்டான்னுட்டாரு. கூட வேலை பார்த்தவனுங்களுக்கும் அதே பதில்தான். பன்னெண்டு வருஷமா புருஷன் ஓடிப்போனவன்னு ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்குது. பாவி, நான் வாயத் தொறக்கல. இந்தக் கல்லை நட்டுட்டு அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். அதுக்கப்புறம் அவ என்ன செஞ்சாலும் சரி.

சிவப்பா? அது உசுரோட இருக்கிறவங்க பேருக்குப் பூசுறது. கறுப்பே பூசு.

எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்னா... கதவை இறக்குனப்புறம் உள்ளேர்ந்து தட்டுனான்ல. கையெழுத்துப் போட்டாச்சே, இனிமே எப்படித் தொறக்கறதுன்னு நின்னேன். தட்டுறது நிக்கிற வரைக்கும் அங்கயேதான் நின்னுட்டிருந்தேன்.