வெயிலுக்குச் சுருங்கும் மரம்

— இது பைன் இல்ல தம்பி.

— இன்னா பாயம்மா இப்டி சொல்லிட்ட! பச்சையா கீது, அடுக்கடுக்கா கீது. உச்சியில ஒரு ஸ்டார மாட்னா டிசம்பர்ல உன் தெருவே வந்து செல்ஃபி எடுக்கும்.

— அதான், இது கிறிஸ்மஸுக்கு விக்கற மரம். கிளையெல்லாம் எலி வால் மாதிரி இருக்கு. எனக்கு வேண்டியது நிஜ பைன். ஊசி ஊசியா, கொத்துக் கொத்தா இருக்கும். வாசல்ல மணல்ல ஒரு சவுக்கு நிக்குது பாருங்க, அடுத்து அதையும் பைன்னு காட்டிடாதீங்க.

— அட, வெவரமான ஆளாத்தான் கீற. எல்லாருக்கும் பைன்னு இத்தத்தான் குட்க்கறேன், ஒருத்தரும் வாயத் தொறந்ததில்ல.

— நிஜம் இருக்கா இல்லையா? மாம்பலத்துல ரெண்டு நர்சரி ஏறி இறங்கிட்டேன். ரெண்டு பேரும், 'கொட்டிவாக்கம் போங்கம்மா, அங்க ஒருத்தர்தான் வெச்சிருப்பார்'னு கையைக் காட்டிட்டாங்க.

— கீது, கீது. பின்னாடி பச்ச வலைக்கடியில நிக்குது. ஊட்டியிலேர்ந்து வருசத்துக்கு நாலஞ்சுதான் எறக்குவேன். மெட்ராஸ் வெயிலுக்கு எவன் வாங்குவான்? ஒரே ஒரு ரெகுலர் கஸ்டமர் கீறாரு. அவருக்காவ எறக்கறது. உனுக்கு எவ்ளோ உசரம் வோணும்?

— என் தோள் வரைக்கும். கூடவும் வேணாம், குறைச்சலும் வேணாம்.

— இன்னாத்துக்கு இம்மாம் கறாரு? பொண்ணா பாக்கற?

— எங்க பால்கனியில நின்னது செத்துப் போச்சு தம்பி. சாயங்காலத்துக்குள்ள அதே மாதிரி ஒண்ணு, அதே தொட்டியில நிக்கணும்.

— எனுக்கு அம்பத்திரண்டு வயசாவுது, தம்பின்னு கூப்ட ஆளு கெடச்சது சந்தோசம். சாயங்காலம் இன்னா விசேஷம்?

— எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றாங்க. மூணு வாரமாச்சு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நானும் அங்கேயேதான் கிடந்தேன்.

— அய்யய்ய. இப்ப எப்டி கீறாரு?

— அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்க. நேத்து கஞ்சியில உப்பே இல்லேன்னு நர்ஸோட சண்டை.

— அப்ப கெட்டியா பொழச்சிக்கினாரு.

— ஆனா பாருங்க, ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்போ என் கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'நஸ்ரு, மரத்தைப் பாத்துக்க'ன்னாங்க. பொண்ணைச் சொல்லல, கடையைச் சொல்லல. மரத்தைச் சொன்னாங்க.

— அப்டி இன்னா மரம் அது?

— பதினோரு வருஷம் முன்னாடி கொடைக்கானல் போனோம். எங்க மொத டூர் அது. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு மொத டூர்! கடைக்கு லீவு விட்டாத்தானே? அங்க காட்டுல கீழே கிடந்த பைன் காய் ஒண்ணை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து வெயில்ல வெச்சா இதழ் இதழா விரிஞ்சது. உள்ள றெக்கை வெச்ச விதை. டீ கப்புல மண்ணைப் போட்டு ஊனினேன், ஒண்ணே ஒண்ணு முளைச்சது. அதைப் பாத்த சந்தோஷத்துல விளையாட்டா ஒரு வார்த்தை சொல்லிட்டேன் தம்பி. 'இது நிக்கற வரைக்கும் நாம ரெண்டு பேரும் நிப்போம்'னு.

— ம்ம்.

— உயிர் அல்லாஹ் கையில. மரத்து கையிலயா இருக்கு? எனக்குத் தெரியாதா? ஆனா நெஞ்சுல தையலோட வீட்டுக்குள்ள வர்ற மனுஷன், பால்கனியில காஞ்ச குச்சியைப் பாத்தா மனசு என்ன பாடு படும்? அதான் ஓடி வந்தேன். மயிலாப்பூர்ல எங்க அக்கா கமர் ஜஹானைப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். முப்பத்தாறு வருஷத்துல அவங்ககிட்ட நான் சொன்ன மொத பொய்.

— அத்த வுடு, புண்ணியத்துக்கு சொன்ன பொய். மரம் எப்டி போச்சு? தண்ணி இல்லாமயா?

— தண்ணியாலதான். எதிர் வீட்டு ஜெயலக்ஷ்மிகிட்ட சாவியைக் கொடுத்து, கொஞ்சம் ஊத்தும்மான்னு சொன்னேன். தங்கமான மனசு அவளுக்கு. காலையில ஒரு பக்கெட், சாயங்காலம் ஒரு பக்கெட்.

— கெட்டுது போ! பைனுக்கு காலு ஈரமாவே இருந்தா ஆவாது பாயம்மா. மலைச் சரிவுல நிக்கற மரம், தண்ணி வந்தா ஓடிக்கினே இருக்கோணும். தொட்டியில தேங்கினா வேரு அழுவிடும். மேல் மண்ணு காஞ்சாத்தான் அடுத்த தண்ணி.

— இனிமே பச்சையாகாதா?

— தண்டுத் தோல நகத்தால கீறிப் பாத்தியா?

— ஜெயலக்ஷ்மியே கீறிப் பாத்தாளாம். உள்ளேயும் பழுப்பாம். காலையில போன் பண்ணி ஒரே அழுகை. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விடாதன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— அப்ப கத முடிஞ்சுது. வா, பின்னாடி வந்து பாரு.

— ஒரு சந்தேகம் கேக்கட்டா? பைன் எவ்வளவு வேகமா வளரும்?

— மொத ரெண்டு மூணு வருசம் ஆமை. அப்பால மலையில நின்னா வருசத்துக்கு ஒரு அடி, ரெண்டு அடி ஏறும். தொட்டியில கம்மிதான்.

— அப்ப வெயிலுக்கு எவ்வளவு சுருங்கும்?

— இன்னாது?

— மே மாசம் பைன் சுருங்குமில்ல, அதைக் கேக்கறேன். எங்க மரம் பொங்கலுக்கு என் தோள் வரைக்கும் இருக்கும், ஜூன்ல பாத்தா இடுப்புக்கு வந்துடும். 'மலை மரம் நஸ்ரு, வெயிலுக்குச் சுருங்கும், டிசம்பர்ல நிமிர்ந்துடும்'னு அவங்க சொல்வாங்க.

— பாயம்மா, மரம் இன்னா பனியனா, சுருங்கறதுக்கு?

— சிரிக்காதீங்க. ஒரு வருஷம் தண்டு கோணலா இருந்தது. நான் ஒரு கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிட்டு வந்து பாத்தா, கம்பம் மாதிரி நேரா நிக்குது. இன்னொரு வருஷம் ஒரு கொத்துக்கு மூணு ஊசி இருந்தது, அடுத்த வருஷம் எண்ணிப் பாத்தா அஞ்சு! 'எல்லாம் நீ போட்ட டீத்தூள், தெம்பாயிடுச்சு'ன்னாங்க.

— டீத்தூளுக்கு ரெண்டு ஊசி எக்ஸ்ட்ராவா! தோ பாரு, ஊசி கணக்கு ஜாதிக்கு ஜாதி வேற. மூணு ஊசி பைனு சாவற வரிக்கும் மூணு ஊசிதான். நாயி வளந்து பூனையாவுமா?

— அதுல காய் கூட காய்ச்சது தம்பி. ராத்திரி வரைக்கும் ஒண்ணும் இல்ல, காலையில பாத்தா இருந்தது.

— பைன் காயி முத்தறதுக்கு ரெண்டு வருசம் ஆவும்மா!

— காம்புல மெல்லிசா கம்பி சுத்தியிருந்தது. காத்துக்கு விழாம இருக்க அவங்கதான் கட்டினாங்களாம்.

— உனுக்கு யாரோ நல்லா காது குத்திக்கீறாங்க பாயம்மா. தோடு வேற மாட்டி வுட்டுக்கீறாங்க.

— எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாங்க.

— இன்னா தொழிலு அவருக்கு?

— பாண்டி பஜார்ல சூட்கேஸ் கடை.

— சூட்கேஸ் கடை வெச்சுக்கினு பொய்யே சொல்லாதவரு!

— கஸ்டமர்கிட்ட சொல்வாங்க. என்கிட்ட சொன்னதில்ல.

— சரி, கோச்சுக்காத. போட்டோ இருந்தா காட்டு. பைனு வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு அடுக்கு கிளை வுடும். பதினோரு வருச மரம்னா பத்து அடுக்காவது தெரியோணும். எண்ணினா ஜாதகம் வெளிய வந்துடும்.

— இந்தாங்க. பொங்கல் லீவுல என் பொண்ணு ரூஹி எடுத்தது. மரத்துப் பக்கத்துல நிக்கறது அவங்கதான்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு. நாலு வருசத்து மரம்மா இது! எவனோ உன்ன நல்லா... இரு. இவரா? இந்தத் தொப்பி போட்டவரா உன் வீட்டுக்காரரு?

— ஆமா, ஹபீபுர் ரஹ்மான். ஏன், தெரியுமா?

— தெரியாது.

— முகமே மாறிப் போச்சே உங்களுக்கு.

— வெயிலு. ஒரே பேஜாரா கீது இன்னிக்கு. பாயம்மா, நெனச்சுப் பாத்தா, சுருங்கும்.

— என்னது?

— பைனுதான். நல்லாவே சுருங்கும். நான் இவ்ளோ நேரம் ஊட்டி பைனப் பத்தி சொல்லிக்கினு இருந்தேன். கொடைக்கானல் பைனு வேற டைப்பு.

— அப்ப அந்த நாலு அடுக்கு?

— தொட்டியில வெச்சா மீதி அடுக்கு உதுந்துடும்.

— அஞ்சு ஊசி?

— டீத்தூளும்மா. டீத்தூளு இன்னா வேணா செய்யும்.

— இப்பத்தானே நாயி பூனைன்னு அத்தனை பேச்சு பேசினீங்க?

— நான் ஒரு லூசு, என் பேச்ச எடுத்துக்காத. நீ இங்கயே நெழல்ல நில்லு. தொட்டி மண்ணுல மணலு கலந்துட்டு, மரத்த எட்த்தாறேன்.

— உங்க போன் அடிக்குது.

— அடிக்கட்டும். கையெல்லாம் எரு.

— மறுபடியும் அடிக்குதே, பாவம், என்ன அவசரமோ. 'பைன் பாய்'னு பேர் வருது. இருங்க, நானே எடுத்து ஸ்பீக்கர்ல போடறேன்.

— வோணாம்மா! வெச்சுடு! பாயம்மா, சொன்னா கேளு!

— போட்டுட்டேன். பேசுங்க.

— அரே அய்யாதுரை! எங்கப்பா போயிட்ட? கேளு கேளு, மெதுவா பேசறேன், நர்ஸ் வந்துடும். ஆஸ்பத்திரியில இருக்கேன். நெஞ்சுல ஆபரேஷன். அதை விடு, அது சரியாயிடுச்சு. மரம் போச்சு அய்யாதுரை! எதிர் வீட்டு ஜெயலக்ஷ்மிம்மா காலையில போன்ல ஒரே அழுகை. நஸ்ருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மான்னு சொல்லி வெச்சிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வரோம். நல்லவேளை, இவ அக்காவைப் பாக்க மயிலாப்பூர் போயிருக்கா. அதுக்குள்ள ஒண்ணு கொண்டாந்து வெச்சுடு. ஜல்தி. சாவி ஜெயலக்ஷ்மிம்மாகிட்ட இருக்கு.

— பாய், நான் அப்பால பேசறேன் பாய்...

— கேளு கேளு. எப்பவும் மே மாசத்துல கொண்டார்ற மாதிரி குட்டியா கொண்டாராத. சுருங்கிடுச்சு, சுருங்கிடுச்சுன்னு சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு. நஸ்ருவுக்குத் தோள் உயரம், ஞாபகம் இருக்கில்ல?

— ஏன் பாய், அம்மாவாண்ட நெசத்த சொல்லிட்டாத்தான் இன்னா?

— எப்படிப்பா சொல்வேன்? கொடைக்கானல் விதை மொத கோடையிலேயே கருகிடுச்சு. இது நிக்கற வரைக்கும் நாம நிப்போம்னு சொன்ன வாய் அது. அந்த வார்த்தை அவ மனசுல முள்ளா நிக்கக் கூடாது. மரம் சாகட்டும்ப்பா, வருஷத்துக்கு ஒண்ணு சாகட்டும். அவ பயந்து போய் உக்காந்திருக்கறதை மட்டும் என்னால பாக்க முடியாது. சரி சரி, நர்ஸ் வருது. வெச்சுடறேன்.

— பாயம்மா... வாயில வெரல வெச்சு சைகை காட்ன, அதான் நீ இங்க கீறன்னு பாயாண்ட சொல்லல. எதனா பேசும்மா.

— பதினோரு வருஷமாவா?

— ஆமாம்மா. சில வருசம் ரெண்டு தபா, டிசம்பர்ல உசரமா ஒண்ண மாத்தி வெப்பேன்.

— ஒவ்வொரு மே மாசமும் 'கொட்டிவாக்கத்துல நுங்கு நல்லா இருக்கும்'னு கிளம்புவாங்க. நுங்கோடதான் வருவாங்க.

— நுங்கு எதிர்ல வண்டியில வாங்குவாரு. மரத்த அடுத்த நாளு, நீ மார்க்கெட்டுக்குப் போற நேரமா பாத்து, நான் டெம்போல எட்த்தாருவேன். பழச நானே தூக்கிக்கினு வந்துடுவேன்.

— யார் யாரோ மரத்தோட எல்லாம் பேசியிருக்கேன் தம்பி. 'என் கண்ணே, கொடைக்கானல்ல உன்னை எடுத்தப்போ இத்துனூண்டு இருந்தே'ன்னு ஊட்டி மரத்துக்கிட்டப் போய் சொல்லியிருக்கேன். அழுகையா வருது. சிரிப்பும் வருது. இப்படி ஒரு மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?

— அழுவாதம்மா. உக்காரு. தோ, இது சரியா உன் தோளுக்கு வருது. ரெண்டு பேரும் கேட்டது இதான். டெம்போல ஏத்திடறேன், நீயும் கூடவே ஏறிக்கோ.

— அது வேணாம். அந்த மூலையில இடுப்பு உயரத்துக்கு ஒண்ணு நிக்குதே, அதை ஏத்துங்க.

— அது குட்டிம்மா! குட்டியா வோணாம்னு பாய் இப்பத்தானே தலப்பாடா அட்ச்சிக்கினாரு?

— குட்டியாவே இருக்கட்டும். சாயங்காலம் அவங்க பால்கனியில நின்னு, என் முகத்தைப் பாக்காம, 'வெயிலுக்குச் சுருங்கிடுச்சு நஸ்ரு, டிசம்பர்ல நிமிர்ந்துடும்'னு சொல்லணும். அப்படிச் சொன்னவங்க டிசம்பர் வரைக்கும் இருந்து நிமித்திக் காட்டணுமில்ல?