தொட்டிலைச் சுற்றி மதில்

— இது தொட்டிலோ, விளையாட்டுச் சாமான் கடையோ ஸாஜித் தம்பி? பிள்ளை பாக்க வந்த மருத்துவமாதுக்குப் பிள்ளையைக் காணேல்ல, எங்க?

— வடிவாப் பாருங்கோ மிஸ்ஸி. கரடிக்கு அங்கால கிடக்கிறா.

— மாதாவே! கரடி பிள்ளையை விடப் பெரிசு. ஆர் வச்சது?

— கத்தார்ல இருந்து என்ர தம்பி முபீன் அனுப்பினவன். பிள்ளை கரடியோட படுக்குதோ எண்டு ஒவ்வொரு நாளும் வீடியோவில பாக்கிறான்.

— ஆசையெண்டா அவனை அங்க ஒரு கரடியோட படுக்கச் சொல்லுங்கோ. இது கதிரையில இருக்கட்டும். இந்தத் தலையணை?

— கடுகுத் தலையணை மிஸ்ஸி. தலை வட்டமா வரும் எண்டு அஸீபாதான்...

— பொய் சொல்லாதீங்க! குசினிக்க நிண்டாலும் எனக்குக் காது கேக்குது. வாங்கினது இவர்தான் மிஸ்ஸி. மகளுக்கும் தன்னைப்போலச் சப்பைத் தலை வந்திடுமோ எண்டு பயம்.

— பயம் நியாயம்தான் அஸீபா. ஆனா சப்பைத் தலையோட இவர் கலியாணமும் கட்டிப் பிள்ளையும் பெத்திட்டார்தானே. தலையணையை எடுங்கோ தம்பி. மட்டமான மெத்தை, பிள்ளை நிமிந்து படுக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்.

— ஒண்டுமே இல்லாமலோ? மறியல்ல, ஜெயிலுக்குள்ளகூட ஒரு தலையணை குடுப்பாங்கள் மிஸ்ஸி.

— மறியல்காரனுக்குக் கழுத்து நிக்கும். இவவுக்கு இன்னும் நிக்கேல்ல. முகம் புதைஞ்சா திருப்பத் தெரியாது. சரி, சுத்திவர இதென்ன மதில்?

— அது நான் செய்தது! கம்பில தலை இடிபடக்கூடாதெல்லோ. உறை அஸீபா தைச்சவ. முயலைப் பாருங்கோ, பூவைப் பாருங்கோ.

— இடிபட்டா அழுவா, தூக்குவீங்க. இதுக்குள்ள மூக்குப் புதைஞ்சா அழுற சத்தமும் வராது. கழட்டுங்கோ.

— நான் கடலுக்குப் போற மனிசன் மிஸ்ஸி. வலை இழுக்கேக்கயும் இவளின்ர நினைப்புத்தான். நெஞ்சு பதறுது.

— உங்களுக்கோ பதறுது? அண்ணன் மாதிரி இருந்த ஹலீம் காக்கா கடலால வராம, அவரின்ர வள்ளம் மட்டும் தனிய வந்து கரை தட்டின நாளையிலயிருந்து பதறுறது நான். அதாலதான் மிஸ்ஸி, லைஃப் ஜாக்கெட் போடாமக் கடலுக்க இறங்கமாட்டன் எண்டு இவரிட்ட வாக்கு வாங்கினனான்.

— ஓம், பெரிய பொலிஸ். போட்டீங்களோ, போட்டீங்களோ எண்டு நாள் தவறாமப் போன் அடிப்பா. நானும் ஓம், ஓம் எண்டுதானே சொல்றன்.

— புருசன் பெஞ்சாதி சண்டையைப் பிறகு பிடியுங்கோ. இந்த மதிலைக் கழட்டுறீங்களோ, நான் கழட்டவோ?

— இல்ல மிஸ்ஸி, அது நல்ல விலையான ஸ்பொஞ்ச். டவுனில வாங்கினது.

— நான் பள்ளிமுனைக் கடக்கரையில வளந்த பொம்பிளை தம்பி. மீன்காரன் சொல்ற பொய் எனக்கு மணத்திலயே தெரியும். இது ஸ்பொஞ்ச் இல்ல, பலகை மாதிரிக் கிடக்கு. அஸீபா, உள்ளுக்க என்ன வச்சுத் தைச்சனீர்?

— நான் உறை மட்டும்தான் மிஸ்ஸி. பெரிய வேலைக்காரன் மாதிரிக் கதவைப் பூட்டிப்போட்டு இவர்தான் அடைச்சவர்.

— இஞ்ச தையல் விட்டிருக்கு. செம்மஞ்சள் துணி தெரியுது. கயித்தில என்னவோ தொங்குது.

— அது... பிள்ளைக்குக் கிலுகிலுப்பை மிஸ்ஸி.

— கிலுகிலுப்பையோ? இது விசில்.

— அஸீபா, நீ குசினிக்குப் போ. கறி அடிப்பிடிக்குது.

— பிடிக்கட்டும். அதை இஞ்ச தாங்கோ மிஸ்ஸி... இது உங்கட ஜாக்கெட்டெல்லோ? வெட்டிக் கிழிச்சோ இதுக்குள்ள அடைச்சனீங்க?

— பிள்ளைக்குத்தானே அஸீபா. வேற ஆருக்கு?

— தொட்டிலுக்குள்ள என்ன கடலா கிடக்கு? அப்ப இவ்வளவு நாளும் போன்ல ஓம், ஓம் எண்டது?

— கத்தாதையப்பா, பிள்ளை எழும்பிடும். எனக்கென்ன, நான் நல்லா நீந்துவன்தானே.

— ஹலீம் காக்காவும் நல்லா நீந்துவார்.