தானாக ஓடிய கார்

இந்த நாற்காலி பரவாயில்லை, ஐயா. ஒன்பது வருடம் காருக்குள் மடங்கிக் கிடந்த முதுகுக்கு இதுவே சொர்க்கம்.

நீங்களும் அந்தத் தொடரைப் பார்த்திருப்பீர்கள். குற்றவாளிகளைத் துரத்தும் நாயகன், அவன் கூப்பிட்டதும் ஆளில்லாமல் ஓடிவரும் கறுப்புக் கார். ஆளில்லாமல் எந்தக் கார் ஓடும்? இருக்கை மாதிரியே தைத்த உறைக்குள் நான் உட்கார்ந்திருப்பேன். கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. உள்ளே வெந்துபோகும். கடைசியில் ஓடும் பட்டியலில் என் பெயர் வராது. வந்தால் குட்டு உடைந்துவிடுமாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. அப்பாதான் அந்தக் காரை ஓட்டுகிறார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். புளுகுமூட்டை என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நாயகனே சொல்லட்டும் என்று படப்பிடிப்புக்குக் கூட்டிப் போனேன்.

அவர் அவள் கன்னத்தைக் கிள்ளினார். "கார் தானாதான் ஓடும், பாப்பா. உங்கப்பா அதைத் துடைக்கிறவரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியாப்பா?"

நான் போய் உறைக்குள் நுழைந்தேன். வாயால் சொல்லி என்ன பயன்?

அடுத்த காட்சியில் அவர் கிடங்குச் சுவரையொட்டி நிற்பார். கார் சீறி வந்து ஒரு முழம் முன்னால் நிற்கும். தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்கள். அன்று நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

அவருக்கு இடுப்புக்குக் கீழே சுவரோடு நசுங்கிவிட்டது. காரின் முன்பக்கத்தில் கவிழ்ந்தபடி அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்து, "அண்ணே, வேணாம்ணே" என்றார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நான் அவருக்கு அண்ணன்.

யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று பார்த்துத்தான் பின்னுக்கு எடுத்தேன். மறுபடி இடித்தேன். மூன்றாவது முறை அவசியமே இல்லை. தலை ஏற்கெனவே தொங்கிவிட்டது. ஆனால் மகள் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரிந்ததோ என்னவோ என்று ஒரு சந்தேகம்.

பிறகு உறையைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அவளைப் பார்த்துக் கையசைத்தேன்.

பிரேக்கில் பழுதில்லை, ஐயா. தெரிந்துதான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று என் மனைவி அழுகிறாள். அவளுக்கு விவரம் போதாது. பிள்ளை பெருமையில் வாயடைத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.