மூணு ஷிஃப்ட்டு மாப்பிள்ளை

கொஞ்சம் பையப் பேசுவோம் அண்ணாச்சி. அந்தா பாய்ல கெடக்கான்லா, முப்பிடாதி, நைட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வந்து விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல. இல்ல இல்ல, அவன் மாப்பிள்ளை இல்ல, மொகத்த அப்பிடி வைக்காதீங்க. மாப்பிள்ளை வேல்ராஜு டூட்டில இருக்கான். மத்தியானம் ரூமுக்கு வந்துருவேன்னுதான் உங்ககிட்ட போன்ல சொன்னானாம். கெளம்புற நேரத்துல சூப்பர்வைசர் ஆளு பத்தலன்னு ஓ.டி.ல, அதான் ஓவர்டைம்ல, அமுக்கிட்டான். லைனுக்குள்ள போன் கொண்டுபோவ முடியாது, கேட்டுலயே வாங்கி வச்சிருவானுவ. அதான் உங்களுக்குத் தகவல் சொல்ல வழியில்ல. கம்பெனி பஸ்ல வந்த பயகிட்ட எனக்குச் சொல்லிவிட்டான். தென்காசில இருந்து பொண்ணு வீட்டுக்காரவ விசாரிக்க வாராவ, நம்பி, நல்லபடியாச் சொல்லுலேன்னு. நான் நம்பிராஜன். எனக்கு இன்னைக்கு வீக் ஆஃப். ரூம்ல ஒண்ணா இருக்கோம், ஊருலயும் ஒரே தெருதான்.

கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. பொண்ணக் குடுக்கப் போறவங்க விசாரிக்காம எப்பிடி? மாடு வாங்கவே பல்லப் புடிச்சிப் பாக்கோம். நீங்க இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி சுங்குவார்சத்திரம் வந்து, இந்த ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல வந்து வேகுறீங்க. உங்களுக்குக் கேக்க உரிமை உண்டும்.

குடியா? சொட்டு கெடையாது. சிகரெட்டு, பாக்கு, அதுவும் கெடையாது. சீட்டா? சீட்டு ஆடணும்னா மூணு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும்லா அண்ணாச்சி. இந்த ரூம்ல அது தீவாளிக்குத்தான் நடக்கும். நாங்க மூணு பேரும் மூணு ஷிஃப்ட்டு. வாரத்துக்கு வாரம் மாறும், ஆனா மூணும் ஒண்ணாச் சேராது. இருக்கது ஒரு பாயி. ஒருத்தன் எந்திரிச்சிப் போனா இன்னொருத்தன் வந்து விழுவான். வாங்குன நாள்ல இருந்து அந்தப் பாயி ஆறினதே இல்ல.

பழக்கம்னு சொல்லப்போனா ஒண்ணே ஒண்ணு உண்டும். மறைக்கக் கூடாது. லேப்டாப்பு.

அந்தா இட்லித்தட்டு மேல இருக்குல்லா, அதான். சிரிக்கியளே. அடிச் சூடு போவணும்லா, இட்லித்தட்டுலதான் அளவா ஓட்ட இருக்கு. டேபிள் ஃபேனும் எங்களுக்குன்னு வாங்கினதுதான், இப்ப அதுக்கு ஓடுது. நாங்க வேர்த்து வடிஞ்சிக்கிட்டுக் கெடக்கோம். பிளஸ் டூ படிக்கப்ப கவருமெண்டுல ஃப்ரீயாக் குடுத்தாவள்லா, அந்த லேப்டாப்பு. மூடில இருந்த படத்து மேல முருகர் ஸ்டிக்கர் ஒட்டிட்டோம். ஆட்சி எத்தன தடவ மாறினாலும் முருகர மாத்த வேண்டியதில்ல. எனக்கும் ஒண்ணு குடுத்தாவ, அக்கா கல்யாணச் செலவுல போயிட்டு. முப்பிடாதியோடது மழைல நனைஞ்சி செத்துட்டு. மிஞ்சினது வேல்ராஜுது ஒண்ணுதான்.

ஆமா, அதுலதான் அந்த கேமு. உங்க பிள்ள சொல்லிருக்குமே, அதுலதான் பழக்கம்னு. துப்பாக்கி கேமு இல்ல, பயப்படாதீங்க. ஒரு ஊரு மாதிரி வச்சிக்கிடுங்க. கோட்ட இருக்கும், காடு இருக்கும், பூதம் இருக்கும். உலகம் பூரா ஆளுவ அவனவன் வீட்டுல இருந்துக்கிட்டே அந்த ஊருக்குள்ள வந்து நிப்பாவ. மரம் வெட்டணும், மீன் புடிக்கணும், பூதத்த அடிக்கணும், அப்பிடியே லெவல் ஏறணும். கம்பெனி வேல மாதிரியா? அட, அதேதான். என்ன, அங்க வேல செஞ்சா பிரமோஷன் குடுக்கான்.

ஆனா அந்த கேமு கேக்குற மிஷினு வேற, இது வேற. மாட்டு வண்டில கண்டெய்னர் ஏத்துன கதைதான். ஆன் பண்ணிட்டு, கீழ பாத்ரூம் க்யூல நின்னு, குளிச்சி, மெஸ்ஸுல சாப்ட்டு வந்து பாத்தா அப்பவும் வட்டம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்குத்தான் பாரத்தக் கொறைக்கணும்னு செட்டிங்ஸ்ல போயி ஒவ்வொண்ணா எடுத்தோம். நெழல எடுத்தோம். புல்ல எடுத்தோம், மரத்த எடுத்தோம், ஏரியில தண்ணிய எடுத்தோம். எல்லாத்தயும் எடுத்துட்டுப் பாத்தா அந்த ராஜாங்கம் அப்பிடியே ஒரகடம் ஃபேக்டரி ஏரியா மாதிரி ஆயிட்டு. சுவரு இருக்கு, கேட்டு இருக்கு, ரோடு இருக்கு. கடைசில ஆளுவளயும் எடுத்துட்டோம். உருவம் வராது, பேரு மட்டும் அந்தரத்துல வரும் போவும். நமக்கு அது பழக்கந்தான், கம்பெனிலயும் மொகத்த எவன் பாக்கான், ஐடி கார்டத்தான பாக்கான்.

ஆன் பண்ண அம்புட்டு நேரம் ஆவுதுல்லா, அதனால ஆஃப் பண்ணுறதே இல்ல. ஹவுஸ் ஓனர் கோதண்டராமன்னு ஒரு பெரிய மனுசன். அவரு நெலத்துலதான் இப்ப அந்தப் பெரிய குடோனு நிக்கி. மாசா மாசம் வந்து வாசல்ல நிப்பாரு. இன்னாபா, மூணு பேரும் டூட்டிக்கிப் போய்க்கினு கீறீங்க, மீட்டரு மட்டும் நிக்காம ஓடிக்கினு கீதேன்னு கேப்பாரு. அவருக்கு எப்பிடிச் சொல்லிப் புரிய வைக்க? ஒருத்தன் எந்திரிச்சா அடுத்தவன் உக்காருவான். அது பாட்டுக்கு ஓடும்.

என்ன அண்ணாச்சி? ஆமா, மூணு பேருந்தான். அக்கவுண்டு ஒண்ணு, ஆளு ஒண்ணு, ஆட்டுறது மூணு பேரு. ஏன், நான் சொல்லலியோ?

உக்காருங்க, உக்காருங்க. இது ஒண்ணும் மோசடி இல்ல. கம்பெனில ஒரு மிஷின மூணு ஷிஃப்ட்டு ஓட்டுதோம், அது மாதிரிதான். ஹேண்டோவரெல்லாம் ஒழுங்கா உண்டும். கேடயம் வெடிச்சிருக்கு, பன்னி ரெண்டு பாக்கி, மீன் கூடை நெறஞ்சிட்டுன்னு சொல்லிட்டுத்தான் பாய்ல விழுவோம். ஒரு தடவ கேமுக்காரனுக்கே சந்தேகம் வந்துட்டு, இவன் தூங்குறதே இல்லியேன்னு. நீ மனுசனா மிஷினான்னு கேட்டு, கட்டங்கட்டமாப் படம் போட்டு, இதுல பஸ்ஸு எங்க இருக்குன்னு காட்டச் சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. இத்தன வருசத்துல கம்பெனில ஒருத்தன் அந்தக் கேள்வியக் கேட்டதில்ல.

பேரா? பேரு வேல்ராஜு வச்சதுதான். கேமுக்குள்ள போனா பேரு கேக்கும். மத்தவன்லாம் இருளரசன், எரிமலைச் சிங்கம்னு வச்சிருக்கான். நம்மாளு பி.எஃப். ஃபாரம்னு நெனச்சானோ என்னமோ, ஆதார்ல இருக்க மாதிரி எம். வேல்ராஜுன்னு அடிச்சிட்டான். ஊரு கேட்டுது, ஊரு பேரும் போட்டுட்டான். படம் கேட்டுது, கம்பெனி ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோவ ஏத்திட்டான். வாளத் தூக்கிக்கிட்டு நிக்கான் வீரன், தலைக்கு மேல காலர் பட்டன் போட்ட வேல்ராஜு. உங்க பிள்ள அதப் பாத்துதான் நம்பிருக்கும். அந்த ஊர்லயே அப்பன் ஆத்தா வச்ச பேரோட திரியுதது இவன் ஒருத்தன்தான். நீங்களும் அத வச்சித்தான ஊருல விசாரிச்சி, அவங்க அம்மையப் புடிச்சி, நம்பர் வாங்கினீங்க. அவனுக்கு இந்தக் கதை ஒண்ணும் தெரியாது. அம்மை ஏதோ புரோக்கர் மூலமாப் பாத்த எடம்னு நெனச்சிக்கிட்டிருக்கான். போன வாரம் காஞ்சிவரம் போயி புதுச் சட்ட எடுத்துட்டு வந்தான் பாவம். அந்தா கொடில தொங்குது பாருங்க, ஸ்டிக்கர் கூடப் பிரிக்கல.

சரி, பிள்ள என்னதான் சொல்லுது? தைரியமான ஆளுங்குது. பொறுமைங்குது. நல்லாப் பேசுவாவங்குது. மூணும் உண்மைதான் அண்ணாச்சி, ஒண்ணும் பொய்யில்ல. தைரியம் வேல்ராஜுது. உக்காந்தான்னா வெட்டுதான், வெட்டுதான், ஷிஃப்ட்டு முடியிற வரைக்கும் வெட்டுதான். யாரு வந்து வணக்கம்னு அடிச்சாலும் பதில் போட மாட்டான், கீ போர்டுல எழுத்துத் தேடவே அவனுக்கு அரை நாளாவும். பொறுமை, அந்தா கொறட்ட விடுதான்லா முப்பிடாதி, அவனுது. கொளத்தோரம் தூண்டிலப் போட்டுட்டு உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டான். அந்தக் கொளத்துல தண்ணியே தெரியாது, நாங்கதான் எடுத்துட்டோம்லா. வெறுந்தரையில மீன் புடிப்பான். இந்த ரெண்டு கொணமும் ஒரே ஆளுகிட்ட, மேல பேச்சும் வேணும்னா, எந்த ஊருல அண்ணாச்சி அப்பிடி மாப்பிள்ள கெடைக்கும்? உங்க பிள்ள கேட்டவன் இருக்கான். ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா இருக்கான்.

பேசுறது யாருன்னா கேக்கியளா? அதுக்கு வாரேன். பழக்கம் எப்பிடி வந்துதுன்னு மொதல்ல கேளுங்க. ஒரு நா பெரிய பூதம் ஒண்ணு வந்துட்டு. நம்ம கூட்டத்துல உள்ள இருளரசன், எரிமலைச் சிங்கம் எல்லாரும் ஓடிட்டானுவ. எம். வேல்ராஜு மட்டும் ஒரு அடி பின்னால வைக்கல. அவன் பக்கத்துல இன்னொரு பேரும் அசையாம நிக்கி, முத்துச்செல்வின்னு. அதுவும் சொந்தப் பேரு. கூட்டமே ஆடிப்போச்சு, என்ன வீரம்டா ரெண்டு பேருக்கும்னு. வீரம் எங்க, லேப்டாப்பு ஹேங்காயிட்டு. உங்க பிள்ளைக்கும் அதே கவருமெண்டு லேப்டாப்புதான, அங்கயும் ஹேங்கு. போனக் குடுத்தா பிள்ள கெட்டுரும்னு அத வாங்கி வச்சிக்கிட்டீங்க, லேப்டாப்பு பரீட்சைக்குப் படிக்கதுன்னு விட்டுட்டீங்க. பூதம் வந்து ரெண்டு பேரையும் ஒரே மிதி. ரெண்டு பேரும் அங்ஙனயே செத்தோம். அப்புறம் எந்திரிச்சி வந்து அது கேட்டுது, உங்களுதும் ஃப்ரீ லேப்டாப்பான்னு.

செத்தாங்கன்னு சொல்ல வந்தேன். வாய் தவறிட்டு.

வேல்ராஜு நல்லவன் அண்ணாச்சி. நான் சொல்லுதேன்லா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவன் பாய விட்டுட்டுத் தரையில படுத்தான், என் டூட்டிக்கு லீவு சொல்ல ரெண்டு பஸ் மாறிப் போனான். பொண்டாட்டியக் கைநீட்டி அடிக்க மாட்டான். அவங்க அம்மையும் தங்கமான மனுசி. நீங்க கட்டிக் குடுத்தா பிள்ளைக்கி ஒரு கொறையும் வராது. என்ன, பேச மாட்டான். அது ஒரு கொறையா? ஊர்ல எத்தன வீட்டுல பேசாமலே பேரன் பேத்தி எடுத்துருக்காவ. அவன் கெட்டவனா இருந்தா எனக்கு இம்புட்டுக் கஷ்டம் இல்ல பாத்துக்கிடுங்க. சேதி வந்ததுல இருந்து நானும் நல்லதா நாலு வார்த்த சொல்லணும்னுதான் மனப்பாடம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். சொல்லுலேன்னு சொல்லிவிட்டிருக்கான். சொல்லிட்டேன்லா? எல்லாம் நல்லபடியாத்தான சொன்னேன்?

அந்தா டீ வந்துட்டு. மோகன் அண்ணே, அங்ஙன வச்சிருங்க, கிளாஸு அப்புறமா நானே கொண்டாரேன். அது எனக்கு, இதுதான் உங்களுக்கு. எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஆறிறப் போவுது. தைரியமாக் குடிங்க, சீனி போடல.

ஆமா, நீங்க சொல்லல.

தோட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டு லாலா கடைல போயி அல்வா திங்கியளாம். மாத்திரையப் போட்டுட்டேன்னு சொல்லி சன்னல் வழியாத் தூரப் போடுதியளாம். அன்னைக்கெல்லாம் பிள்ள உங்ககிட்டச் சண்ட போட்டுட்டு வந்து உக்காந்து ஒரே அழுகை. உங்களுக்குக் கால்ல புண்ணு வந்தப்ப ரெண்டு நாளு அதுக்குச் சோறு எறங்கல. நீங்க தேறிருவீங்க, தேறிருவீங்கன்னு அடிச்சிக்கிட்டே இருந்தேன், வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு? எங்க ஸ்கிரீன்ல அது மொகமும் வராது, உருவமும் வராது. பேரு மட்டும் எம் பக்கத்துல வந்து நிக்கும். அது வந்து நிக்கிறதுக்காவே நான் ஓ.டி.ய வேண்டாம்னு சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன். எம்பேரு வேல்ராஜு இல்லன்னு சொல்லணும்னு அடிக்க ஆரம்பிப்பேன். ஒண்ணு ஹேங்காயிரும், இல்லன்னா டூட்டி பஸ்ஸு வந்துரும். ரெண்டும் வராத நாள்ல எனக்கு வாய் வராது.

வேல்ராஜுக்கு உங்களுக்குச் சுகருங்கதே தெரியாது மாமா.