கருந்தலையன் செத்த பிறகு பதினொரு பக்கம்

"ஹலோ... ஹலோ, ஆர், சச்சியண்ணையோ?... ஓம், நான்தான், மில்லிக்கனிலை இருந்து யோகமலர்... ஓம், ஓம், புத்தகம் இப்பதான் தபாலிலை வந்தது... சந்தோசமோ? நில்லுங்கோ அண்ணை. என்ரை கதையின்ரை கடைசிப் பதினொரு பக்கம் எங்கை?"

நாலு வருடமாக அவள் எழுதிய 'ஏழு மதில் நாடு' என்ற மாயக்கதையின் மூன்றாம் பாகம் கையில் இருந்தது. சனிக்கிழமை வெளியீட்டு விழா. நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் அதைப் பதிப்பித்த சச்சிதானந்தன், நாயகி மின்னரசியின் கையால் அரக்கன் கருந்தலையன் விழுந்த பக்கத்திலேயே 'முற்றும்' போட்டிருந்தார்.

"எது குத்தாது?... ஒபிஸ் ஸ்ரேப்ளரோ?... அறுபது தாளுக்கு மேலை ஊசி போகாது. சரி. அதுக்கு என்ரை கதையின்ரை காலையோ வெட்டுறது?... ஓம்... ஓம், விளங்குது... அண்ணை, என்னையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோ! முன்னுக்கு என்ன கிடக்கு? தில்லையம்பலத்தாரின்ரை வாழ்த்துரை, படத்தோடை. பேர்ணடெற் ரீச்சரின்ரை ஆசியுரை. உங்கடை பதிப்புரை மட்டும் மூண்டு பக்கம்! எல்லாமாப் பதின்மூண்டு. அதிலை ஒண்டும் கழட்ட ஏலாதோ?... தில்லையம்பலத்தார் விழாவுக்கு ஹோல் எடுத்துத் தந்தவரோ? அப்ப கதையையும் அவரே எழுதியிருக்கலாமே... கோவிக்கேல்லை. கோவிக்கேல்லை எண்டுறன்!"

கதிரையை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"என்ன சொன்னனீங்கள்?... இழுவையோ?... அரக்கன் செத்தால் சனம் புத்தகத்தை மூடிப்போடுமோ? ஓம், அடிபாடு ரெண்டே பக்கம்தான். அது ஒரு பொழுதிலை முடிஞ்ச அலுவல். மின்னரசி ரெண்டு பாகம் முழுக்க மதில் மதிலாத் தாண்டி ஓடினவள், அண்ணை. திரும்பிப் போகேக்கை அந்த ஏழு மதிலையும் தாண்டத்தானே வேணும்? 'வீட்டை போய்ச் சேர்ந்தாள்' எண்டு ஒரு வசனத்திலை எழுதினால் ஆர் நம்புவினம்? எண்பத்திமூண்டுக் கலவரத்திலை உடுத்த உடுப்போடை கப்பலேறின சனமல்லோ இதை வாசிக்கப்போகுது... இல்லை, நான் அரசியல் கதைக்கேல்லை! கதையின்ரை வேகத்தைக் கதைக்கிறன். ஓடவேண்டிய இடத்திலை ஓடவிட்டனான். இது ஆறுதலா நடக்கிற இடம்."

மறுபக்கத்தில் அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரி... சரி. ஒண்டு மட்டும் கேக்கிறன். மூண்டாம் மதிலடியிலை கருந்தலையன்ரை தாய் வந்து நிக்கிறாளே, அதுவும் உங்களுக்கு இழுவையோ?... எந்தத் தாயோ?"

யோகமலர் புத்தகத்தை மேசையில் போட்டாள்.

"அண்ணை, நீங்கள் அதை வாசிக்கவேயில்லை... நேரம் கிடைக்கேல்லை. நல்லது. எண்ணிப் பாத்திட்டு வெட்டியிருக்கிறியள், புடைவைக்கடையிலை சீலை கிழிக்கிற மாதிரி... நூற்றைம்பது புத்தகமும் குத்தி முடிஞ்சுதோ? இனி ஒண்டும் செய்யேலாதோ?... ஓ."

சுவரில் ஒட்டியிருந்த அழைப்பிதழைக் கழற்றி எடுத்தாள்.

"நிகழ்ச்சி நிரல் என்ரை கையிலை கிடக்கு. ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, பிறகும் ஒரு வாழ்த்துரை, ஆய்வுரை... கடைசியா ஏற்புரை, யோகமலர். எவ்வளவு நேரம் எனக்கு?... அஞ்சு நிமிஷம். நான் ஒருத்தருக்கும் நன்றி சொல்லப்போறேல்லை. பதினொரு பக்கத்தையும் வாசிக்கப்போறன்... ஓம், பதினொண்டும். ஒரு வசனமும் விடமாட்டன்... ஆறு மணிக்கு ஹோலைப் பூட்டுவாங்களோ? பூட்டட்டும். கார் விடுற இடத்திலை நிண்டு வாசிப்பன்... தில்லையம்பலத்தார் கோவிப்பாரோ? அவருக்கும் ஒரு கதிரை போடுங்கோ... வெருட்டேல்லை. சொல்லிப்போட்டுச் செய்யிறன்."

இரைந்துகொண்டிருந்த குரல் தணிந்தது.

"ஹலோ?... என்ன?... கொஞ்சம் பலமாக் கதையுங்கோ... அந்தத் தாயோ? அவள் மின்னரசியைப் போக விடுறாளோ எண்டோ கேக்கிறியள்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபம் போகவில்லை.

"இப்ப கேக்கிறியள்! வெட்ட முதல் கேட்டிருக்கலாமே... இல்லை, சொல்லமாட்டன்... ஓம், எழுதின பிரதி உங்களிட்டைத்தான் கிடந்தது, குப்பையிலை போட்டியளெண்டால் நான் என்ன செய்யிறது?... அப்ப எதைப் பாத்து வாசிக்கிறதோ? எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை முன்வரிசையிலை இருப்பியள்தானே? எல்லாரும் வாழ்த்தி முடியட்டும். பிறகு நான் ஆறுதலாச் சொல்லுறன், ஆறுதலாக் கேளுங்கோ. வைக்கிறன்."