குடை எந்தக் கையில்?

மாமனார்: முகம் எங்கம்மா?

மருமகள்: முகம் கிடையாது மாமா.

மாமனார்: கிடையாதா! சினிமா போஸ்டர்ல ஹீரோ முகம் இல்லேன்னா எவன் டிக்கெட் வாங்குவான்?

மருமகள்: டிக்கெட் விக்கிறதுக்கு இல்ல. கண்காட்சிக்கு. பழைய படத்துக்குப் புதுசா ஒரு போஸ்டர், அவங்கவங்க மனசுல பட்டபடி. நான் அத்தையோட படத்தை எடுத்துக்கிட்டேன்.

மாமனார்: அத்தையோட படமா? அவ எப்போ நடிச்சா?

மருமகள்: டிவில எப்ப போட்டாலும் கைவேலையைப் போட்டுட்டு ஓடி வந்து உக்காந்துடறாங்களே, அந்தப் படம்.

மாமனார்: ஓ, அதுவா... அந்த மொட்டைமாடித் தாவல் வரைக்கும்தான் பாப்பா. அது முடிஞ்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவா. அவ்வளவு பக்தி அந்த ஹீரோ மேல!

மருமகள்: அந்தத் தாவலைத்தான் வரைஞ்சிருக்கேன். பழைய போஸ்டர்ல என்ன இருந்துச்சு? பூசணிக்காய் சைஸுக்கு ஹீரோ முகம். மூலையில அழுமூஞ்சி ஹீரோயின். கீழே கொட்டை எழுத்துல, 'டூப் இல்லாமல் நாயகனே தாவும் சாகசம்!'

மாமனார்: ம்... இருந்துச்சு.

மருமகள்: எல்லாத்தையும் தூக்கிட்டேன். வெறும் மஞ்சள். ரெண்டு மொட்டைமாடி. நடுவுல அந்தரத்துல ஒரு ஆளு, கையில விரிச்ச குடை. முதுகு மட்டும்தான் தெரியும். எப்படி?

மாமனார்: முதுகு... ரொம்ப நல்லாயிருக்கும்மா. ஆனா...

மருமகள்: என்ன ஆனா?

மாமனார்: குடை தப்பு. இடது கையில இருக்கணும்.

மருமகள்: ஹீரோ வலது கைக்காரர் மாமா. படம் பூரா வலது கையாலதான் அடிக்கிறார், லவ் லெட்டரும் அந்தக் கையாலதான் எழுதறார்.

மாமனார்: தாவறப்ப மட்டும் இடது.

மருமகள்: கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடற சீன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமனார்: நான்தான் அந்தப் படக் கம்பெனியில டெய்லரா இருந்தேனே. அந்தச் சட்டையே நான் தைச்சது.

மருமகள்: போன வாரம் பட்டன் அறுந்த சட்டையை அத்தைகிட்ட நீட்டினாரே, அந்த டெய்லரா?

மாமனார்: அது... ஊசி கோக்கக் கண்ணு தெரியல.

மருமகள்: பேப்பர்ல பொடி எழுத்து மட்டும் தெரியுதாக்கும்!

மாமனார்: பேச்சை மாத்தாதே. கையை மாத்து.

மருமகள்: பிரஸ்ஸுக்கு இன்னிக்கே போகணும். வலது கையாவே இருந்துட்டுப் போகட்டும், யாரு கவனிக்கப் போறா?

மாமனார்: ஐயோ, காத்து வலது பக்கத்துலேர்ந்தும்மா! அந்தக் கையில புடிச்சா குடை மூஞ்சியில வந்து அப்பிக்கும்.

மருமகள்: சும்மா கதை விடாதீங்க...

மாமனார்: கதையா? வலது கையில புடிச்சிருந்தா அன்னிக்கே நான் கீழ விழுந்து...

மருமகள்: யாரு விழுந்து?

மாமனார்: ஹீரோ. ஹீரோ விழுந்திருப்பார்னு சொன்னேன்.

மருமகள்: மாமா!

மாமனார்: மெதுவா! உள்ள அவ இருக்கா.

மருமகள்: அப்போ அந்த டூப்பு நீங்கதான்.

மாமனார்: வாக்கு குடுத்துட்டேன்மா. 'போஸ்டர்லயே போட்டுட்டாங்க, என் மானத்தைக் காப்பாத்து'ன்னு கையைப் புடிச்சுக் கேட்டார் மனுஷன். அதோட வாயைத் திறக்கல.

மருமகள்: அத்தைகிட்டகூடவா?

மாமனார்: எப்படிச் சொல்றது? கல்யாணமான புதுசுல அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தாவறப்ப என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, 'என்ன தைரியம் பாருங்க'ன்னா. அது ஹீரோவே இல்லேன்னு சொன்னா அவ மனசு உடைஞ்சுடாதா? எனக்குப் பொறாமைகூட வந்துச்சு... என் மேலயே!

மருமகள்: ஐயோ மாமா...

மாமனார்: சிரிக்காதே. பேரு வேணாம், புகழு வேணாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் குடை சரியான கையில இருக்கட்டுமே. அது போதும் எனக்கு.

மருமகள்: இந்தாங்க, இந்தச் சுருளைப் பிரிங்க.

மாமனார்: என்னது... ஏய்! இடது கை! அச்சே அடிச்சாச்சா?

மருமகள்: நேத்தே! கேட் பூட்டியிருந்தா இந்த வயசுலயும் எகிறிக் குதிக்கறீங்களே, அப்போ இடது தோள்தான் முன்னால போகும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதே தோள்! கேட்டா மழுப்புவீங்க. தப்பா வரைஞ்சு காட்டினா பொறுக்க மாட்டீங்கன்னு தெரியும்.

மாமனார்: அடிப்பாவி! சரி, அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். அவளோட ஹீரோ அவளுக்கு ஹீரோவாவே இருக்கட்டும்.

மாமியார்: எந்த ஹீரோ?

மாமனார்: நீ... நீ எப்ப வந்தே?

மாமியார்: அதை இப்படித் திருப்புங்க, பாக்கறேன். ம்... நல்லாத்தான் வரைஞ்சிருக்கே கண்ணு. காலருக்கு மேல அந்த மச்சம்தான் விட்டுப்போச்சு.

மாமனார்: ம... மச்சமா? ஏய், அப்போ உனக்கு...

மாமியார்: தாவல் முடிஞ்சு ஹீரோ முகத்தைக் காட்டினதும் நான் எதுக்கு எந்திரிச்சுப் போறேன்னு நினைச்சீங்க? அதுக்கு மேல அந்தப் படத்துல நான் பாக்கறதுக்கு யாரு இருக்கா?