பலகையில்லாமல் பூட்டைத் திறக்காத சிஹாபுதீன் பாய் அவர்களுக்கு

திருநகரைத் தாண்டி, திருமங்கலம் சாலையில் உள்ள நமது டிரெய்லர் ஷெட்டில், 2006 மே 31 புதன்கிழமை மாலை கூடியிருப்பவர்கள்: இன்று பணி ஓய்வு பெறும் விழா நாயகர் சிஹாபுதீன் பாய், அவருடைய துணைவியார் மரியம் பீவி, மகன் அல் அமீன், ஓட்டுநர்கள் வெள்ளைத்துரை, காளை, வாட்ச்மேன் சோணைமுத்து, என் மனைவி ரங்கநாயகி, இந்த ஷெட்டின் உரிமையாளனும் இம்மடலை எழுதியவனுமான ஜனகராஜ் ஆகிய நான், இதை உங்கள் முன் நின்று வாசிக்கும் என் மகன் பாலமுரளி. வர வேண்டியவர் ஒருவரும் விடுபடவில்லை.

நாற்பதடி டிரெய்லரையும் நடுக்கமின்றி நிறுத்தும் நிதானமே! நெடுஞ்சாலை அறிந்த நேர்மையே! எங்கள் சிஹாபுதீன் பாய் அவர்களே!

தாங்கள் 1978-இல் பழங்காநத்தத்திலிருந்து சைக்கிளில் வந்து எங்களிடம் சேர்ந்தபோது எங்களுக்கு இருந்தது ஒரே லாரி. முதல் டிரெய்லர் வந்தது 1991-இல். ஓட்டுவதற்குப் பலர் முன்வந்தார்கள். ஓட்டி வந்த டிரெய்லரை முன்வண்டியிலிருந்து கழற்றி நிறுத்துவதுதான் தொழில் என்று தெரிந்தவர் தாங்கள் ஒருவரே!

தாங்கள் கழற்றும் முறையை இங்குள்ளோர் அனைவரும் அறிவோம். சமதரை பார்த்து நிறுத்துவீர்கள். பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பீர்கள். நம் ஷெட்டின் தரை கரிசல், மழையில் களியாகிவிடும். ஆகவே டிரெய்லரின் இரண்டு முன்கால்களுக்கும் அடியில் பனம்பலகை போட்டு, அதன் மேல் கால்கள் அழுந்தி உட்காரும்வரை சுற்றி இறக்குவீர்கள். காற்றுக் குழாய்களைக் கழற்றி, அதன் பிறகே இரண்டு வண்டிகளையும் பிணைக்கும் பூட்டைத் திறப்பீர்கள். திறந்ததும் பாய்ந்து போவதில்லை. முன்வண்டியை ஒரு சாண் நகர்த்தி நிறுத்தி, இறங்கி, கால்கள் பாரம் தாங்குகின்றனவா என்று குனிந்து பார்ப்பீர்கள். பிறகுதான் முன்வண்டி முழுதாக வெளியே வரும். சாவியை என் மேசையில் வைத்து, "நின்னுருச்சு மொதலாளி" என்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்காமல் நான் சாப்பிட எழுந்ததில்லை.

வெள்ளைத்துரை ஒருமுறை, "என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி இம்புட்டு நேரம் சுத்திச் சுத்தி வாரீக?" என்று கேலி செய்தார். தாங்கள் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொண்ணு வேணாம்னா வீட்டுக்குப் போயிறலாம் மாப்ள. இது உருண்டா நீ எங்க போவ?" என்றீர்கள். அன்று முதல் வெள்ளைத்துரையும் குனிந்து பார்க்கிறார்.

1999 ஐப்பசியில் நடந்ததையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். மூன்று நாள் மழை விடாமல் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். ஒரு மில்லுக்குப் போக வேண்டிய இயந்திரத்துடன் டிரெய்லர் ஷெட்டில் நின்றது. முன்வண்டி அவசரமாகத் தூத்துக்குடிக்குத் தேவைப்பட்டது. பலகை வைக்காமலே டிரெய்லர் கழற்றப்பட்டது. முன்கால்கள் மண்ணுக்குள் இறங்க, டிரெய்லர் தலை குப்புறச் சாய, இயந்திரம் சங்கிலியை அறுத்துக்கொண்டு சுற்றுச்சுவரில் விழுந்தது. சுவருக்கு அப்பால் சோறு தின்றுகொண்டிருந்த சோணைமுத்து ஒரு கை தூரத்தில் தப்பினார்.

"பாய் பலகை வைக்க மறந்துட்டாரு" என்று பேச்சு கிளம்பியது. தாங்கள் மறுக்கவில்லை. "வண்டி எம் பொறுப்புல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். அந்தப் பேச்சு தங்களோடு நிற்கவில்லை. போன வருடம் அல் அமீன் வேறொரு ஷெட்டில் டிரெய்லர் ஓட்ட வேலை கேட்டுப் போனபோது, "சரக்கக் கவுத்த பாய் மகனா நீ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் அவர் மறுபடியும் அங்கே போகிறார். இம்மடலின் நகலைக் கையில் கொண்டு போகட்டும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் எங்கள் வண்டிகளைக் காத்த பெருந்தகையே! தாங்களும் மரியம் பீவியும் நோயின்றி, மனக்குறையின்றி, பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு வாழ வேண்டும். இனி எந்தச் சாவியும் சுமக்காமல் தாங்கள் நிம்மதியாக உறங்க வேண்டும்.

சட்டமிட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் காகிதத்தில் பொய் இருக்கலாகாது. எங்கள் வீட்டார் பிறர் பொருளை வைத்துக்கொண்டதில்லை என்று ஊரில் தலைநிமிர்ந்து சொல்லி வந்தவன் நான். ஆனால் எங்கள் குடும்பப் பெயர் கெடும் என்று அஞ்சி, தங்கள் நல்ல பெயரை ஆறரை ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பித் தருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில் சிஹாபுதீன் பாய் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார். அவருடைய இரண்டு பலகைகளும் ஷெட்டின் கூரைக்கடியில் ஈரம்படாமல் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் அவசரப்படுத்தினேன். பூட்டைத் திறந்தது, இதை வாசித்துக்கொண்டிருக்கும் என் மகன் பாலமுரளி.

உடன் பணியாற்றியோர் அனைவர் சார்பிலும்,
ஜனகராஜ்